பதினேழாவது பயணி

(படம் திரையிட்டு முடிந்தபின், குழந்தைகளும் பெற்றோரும் இருந்த அவையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, அவர்களைக் கூட்டி வந்த பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

விளக்கைப் போட்டதும் முன்வரிசையிலிருந்து ஒரு பாப்பா எழுந்து, "அந்த நாய் நெசமாவே போச்சா, இல்ல சும்மா கதையா?" என்று கேட்டாள். நான் எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அவளுக்குப் பதில் சொன்னாலே இன்றைய பேச்சு முடிந்துவிடும்.

நிஜமாகவே போனதம்மா. 1926 மே 11ஆம் தேதி, வட துருவக் கடலில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து 'நோர்கே' என்ற வான்கப்பல் கிளம்பியது. நார்வே நாட்டுக்காரர்கள் தங்கள் மொழியில் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர் அது. ஏறியவர்கள் 16 பேர். பதினேழாவதாக, ஃபாக்ஸ் டெரியர் இனத்து ஒரு பெண் நாய். பெயர் டிட்டினா. பெயர் தெரிந்துவிட்டதால் இனி 'அவள்' என்றே சொல்கிறேன். ரோம் நகரத் தெருவில் நாதியில்லாமல் திரிந்தவளை 1925இல் உம்பெர்தோ நோபிலே என்ற இத்தாலியப் பொறியாளர் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அந்த வான்கப்பலை வடிவமைத்தவரும் ஓட்டிப் போனவரும் அவர்தான். டிட்டினா கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

நார்வே இயக்குநர் கைசா நெஸ் 2022இல் எடுத்த இந்தப் படத்துக்கும் அவள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வான்கப்பல் என்றால் விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். 106 மீட்டர் நீளத்துக்கு ஒரு துணிப்பை. அதற்குள் ஏறக்குறைய 19,000 கன மீட்டர் ஹைட்ரஜன். ஒரு பொறி பட்டால் போதும், என்ன ஆகும் என்று அறிவியல் பாடம் படித்த பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தப் பையின் அடியில் தொங்கிய சிறிய அறையிலும் எஞ்சின் கூண்டுகளிலும் 16 பேர் சுமார் 70 மணி நேரம் இருந்தார்கள். வழியில் கப்பல்மேல் பனி உறைந்தது. அதிலிருந்து பெயர்ந்த கட்டிகளைச் சுழலும் விசிறிகள் கல்லெறிவதுபோல் துணியின்மேல் எறிந்தன. துணி கிழியக் கிழிய ஒட்டுப்போட்டபடியே போயிருக்கிறார்கள்.

மே 12 அதிகாலை துருவம் வந்துவிட்டது. சரி, அங்கே என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. உடைந்த பனிப்பாறை, அதற்கு அப்பாலும் அதேதான். மலை கிடையாது, கல் கிடையாது, 'துருவம் வரவேற்கிறது' என்று பலகையும் கிடையாது. ரீசர்-லார்சன் என்ற வழிகாட்டி செக்ஸ்டண்ட் கருவியில் சூரியனின் உயரத்தை அளந்து "இதுதான்" என்று சொன்னார், மற்றவர்கள் நம்பினார்கள். அந்த நேரத்தில் கப்பலில் இருந்த மேதைகளுக்கும் டிட்டினாவுக்கும் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே காட்சிதான்.

துருவப் பயண வரலாற்றின் வில்லங்கமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1908இல் தொட்டுவிட்டேன் என்றார் குக். 1909இல் நான்தான் என்றார் பியரி. நோர்கேவுக்கு மூன்று நாள் முன்னால், மே 9 அன்று, விமானத்தில் போய் வந்துவிட்டேன் என்றார் பேர்ட். இந்த மூன்று அமெரிக்கர்கள் சொன்னதையும் இன்றுவரை சந்தேகிக்கிறார்கள். பேர்டின் நாட்குறிப்பில் அளவுகளை அழித்த தடம் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. அதனால், சந்தேகத்துக்கு இடமின்றி முதலில் துருவத்தை அடைந்தது நோர்கேதான் என்று பலர் சொல்கிறார்கள். புகைப்படம் எடுத்தாலும் பயன் இல்லை. வெள்ளையைப் படம்பிடித்துக் காட்டினால் எந்த வெள்ளை என்று யார் கண்டார்கள்?

இப்படிப்பட்ட வரலாற்றைச் சொல்லக் கையால் வரைந்த படம்தான் பொருத்தம் என்பது என் கட்சி. எப்படி என்று சொல்கிறேன். படத்தில் ஆங்காங்கே அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை செய்திப்படத் துண்டுகள் வந்தன, கவனித்தீர்களா? கேமரா இருந்த இடத்தில் கேமரா பார்த்ததைக் காட்டுகிறார்கள். இல்லாத இடத்தில் பென்சிலை எடுக்கிறார்கள். நடிகர்களுக்கு வேஷம் கட்டி, செட் போட்டு எடுத்திருந்தால் எது நடந்தது, எது ஜோடித்தது என்று நமக்குக் குழம்பியிருக்கும். கோடு அந்தக் குழப்பத்தைத் தருவதில்லை. 'இது நான் வரைந்தது' என்று ஒவ்வொரு நொடியும் ஒப்புக்கொள்கிறது. மூன்று வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

உழைப்பையும் ஒரு கணக்காகச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். இந்தத் தொழிலில் பெரும்பாலும் வரைந்த ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்துவார்கள். ஆக நொடிக்கு 12 படம். ஒன்றரை மணி நேரம் ஒரே ஒரு நாய் ஓடிக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொண்டால் 64,800 நாய்கள். வாலை ஆட்டாமல் அவள் சும்மா உட்கார்ந்திருந்தால் வரைகிறவர் கும்பிடு போடுவார்.

துருவத்தின்மேல் கப்பல் தாழ இறங்கியது, கொடி போட்டார்கள். நார்வேக்காக, பயணத்தின் தலைவர் ரோல்ட் அமுண்ட்சன். அமெரிக்காவுக்காக, பயணத்துக்குப் பணம் போட்ட லிங்கன் எல்ஸ்வொர்த். இத்தாலிக்காக நோபிலே. இத்தாலியக் கொடி மற்ற இரண்டையும்விடப் பெரிது. அது அமுண்ட்சனுக்குக் குத்தியது. கப்பலை வானத்தில் போகும் சர்க்கஸ் வண்டி ஆக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார். அலாஸ்காவின் டெல்லர் என்ற சிற்றூரில் இறங்கியபின் இந்தச் சண்டை பத்திரிகைகள்வரை போனது. பெருமை தலைவருக்கா, கப்பலைக் கட்டி ஓட்டியவருக்கா? நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்குப் பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்கள் உண்டே, அந்த ரகம். ஆனால் ஆஸ்கர் விஸ்டிங் என்று ஒருவர் தென் துருவத்துக்கும் அமுண்ட்சனோடு போனார், நோர்கேவிலும் இருந்தார். இரண்டு துருவத்தையும் முதலில் பார்த்த இருவரில் ஒருவர். அவர் எந்தச் சண்டையிலும் இல்லை. அதனாலேயே அவர் பெயர் நமக்குத் தெரியாது.

அமுண்ட்சனைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? பிள்ளைகள் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்கிறேன். 1911இல் தென் துருவத்துக்கு அவர் 52 நாய்களோடு கிளம்பினார், திரும்பியவை 11. பனி மலை ஏறி முடித்த இடத்தில் 24 நாய்களை ஒரே சமயத்தில் சுட்டார்கள். மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் அதுவே உணவு. 'கசாப்புக் கடை' என்று அந்த இடத்துக்குப் பெயரும் வைத்தார்கள். நாயை வண்டி இழுக்கும் விலங்காகவும் உணவாகவும் கணக்குப் போட்டுப் பழகிய மனிதர் அவர். அவர் ஏறிய கப்பலில் ஒரு வேலையும் இல்லாத ஒரு நாய், சட்டை போட்டுக்கொண்டு தரையில் படுத்திருக்கிறது. அந்தத் தரைமட்டத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது படம். பார்த்தால் பெரிய மனிதர்களின் பூட்ஸ்தான் முதலில் தெரியும்.

அடுத்த பாகம் துக்கமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1928 மே 25இல் நோபிலேயின் அடுத்த வான்கப்பல் 'இத்தாலியா' துருவத்திலிருந்து திரும்பும்போது பனியில் மோதியது. பத்துப் பேர் பனிமேல் விழுந்தார்கள், ஒருவர் இறந்துவிட்டார். இன்னும் ஆறு பேரோடு பை மேலே எழும்பிப் போனது. அவர்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பியாஜி என்ற ரேடியோக்காரர் சின்னப் பெட்டி ஒன்றில் தட்டிக்கொண்டே இருந்தார். ஜூன் 3 அன்று சோவியத் நாட்டில் ஒரு கிராமத்து இளைஞர் அதைக் கேட்டார். தேடப் போனவர்களில் அமுண்ட்சனும் ஒருவர். பேச்சுவார்த்தையே இல்லாத நோபிலேக்காக ஜூன் 18 அன்று நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து விமானம் ஏறினார். கூட இருந்த ஐவரோடு அவரும் திரும்பவில்லை. விமானத்தின் ஒரு மிதவையும் ஒரு எரிபொருள் தொட்டியும் மட்டும் கிடைத்தன.

சில நாளில் ஸ்வீடன் விமானி லுண்ட்போர்க் பனியில் இறங்கி, காயம்பட்ட நோபிலேயையும் இந்தப் பயணத்திலும் அவரோடு இருந்த டிட்டினாவையும் முதலில் தூக்கிப் போனார். கப்பல் தலைவன் தன் ஆட்களை விட்டுவிட்டு வந்தான் என்ற பழியை நோபிலே 93 வயதுவரை சுமந்தார். மற்றவர்களை மீட்க, ஜூலை 12 அன்று கிராசின் என்ற பனியுடைப்புக் கப்பல் வரவேண்டியிருந்தது. டிட்டினாவை யாரும் பழி சொல்லவில்லை.

பாப்பா, நீ கேட்டதற்குக் கடைசியாக இன்னொன்று. பனிமேல் விழுந்து உயிரோடிருந்த அந்த ஒன்பது பேருக்கும் ஒரே கூடாரம். வெளிர் நிறத் துணி. மேலே விமானம் பறந்தாலும் அந்த வெள்ளையில் கண்ணுக்குத் தட்டாது. அவர்களிடம் சிவப்புச் சாயம் நிரப்பிய கண்ணாடி உருண்டைகள் சில மிஞ்சியிருந்தன. வான்கப்பலிலிருந்து பனிமேல் போட்டு, உயரத்தை அளக்க வைத்திருந்தவை. அவற்றை உடைத்து, அந்தச் சாயத்தால் கூடாரத்தின்மேல் பட்டை பட்டையாகக் கோடு இழுத்தார்கள். கேமரா வருவதற்கு முன்னால், பென்சில் வருவதற்கு முன்னால், அந்தப் பனியின்மேல் முதல் படத்தை வரைந்தது அவர்கள்தான். சாயம் சீக்கிரமே வெளுத்துவிட்டதாம்.