கணவரின் கடைசிச் சம்பளக் கணக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்னென்ன பணம் வர வேண்டும் என்பதைப் பேச வந்திருக்கிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பல வருடம் கணக்கு நோட்டு எழுதியவள். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, வேலை இழந்தவர்கள் கொண்டுவரும் தாள்களைப் படித்து மனு எழுதித் தருகிறேன்.

இதற்கெல்லாம் தொடக்கம் எங்கள் வீட்டில் நடந்ததுதான். 2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. எங்கள் பகுதி முழுக்க அதே பேச்சாக இருந்தது. என் கணவர் வேலை பார்த்தது அதற்குச் சம்பந்தமில்லாத, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய ஆலை. சுமார் 80 நிரந்தரத் தொழிலாளர்கள். அடுத்த மாதமே அங்கும் ஆட்குறைப்பு வந்தது. எச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். "கையெழுத்து போட்டால் இன்றைக்கே செக், இல்லையென்றால் எப்போது வருமென்று தெரியாது" என்றார்களாம். அவரும் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செக்கைக் கொடுத்தார். நான் செக்கை விட்டுவிட்டு அந்தத் தாளின் நகலைத்தான் கேட்டேன். அதில் "சொந்தக் காரணங்களுக்காக என் விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று இருந்தது. எங்களுக்கு என்ன சொந்தக் காரணம்? அப்போது மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள், வீட்டு வாடகை நிற்கிறது.

அந்த ஒரு வரி எங்களுக்கு என்ன விலை வைத்தது என்று சொல்கிறேன். அவருடைய சர்வீஸ் 9 ஆண்டு 7 மாதம். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்த்து மாதம் 14,000 ரூபாய். செக்கில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை இருந்தது, அந்த மாதச் சம்பளம் இருந்தது. கிராஜுவிட்டிக் கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அதில் மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, 15 நாள் சம்பளத்தை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 14,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் சுமார் 8,077 வரும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டாகும் என்பதால் பத்து ஆண்டு. ஆக 80,769 ரூபாய்.

ஆனால் ஆட்குறைப்புக்கு என்று தனியாக ஒரு இழப்பீடு உண்டு. முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இங்கே 26 நாள் கணக்கு கிடையாது, மாதச் சம்பளத்தில் சரிபாதி. ஆண்டுக்கு 7,000, இங்கும் அதேபோல் பத்து ஆண்டுக்கு 70,000. ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்காததால் அதற்கு ஒரு மாதச் சம்பளம் 14,000. மொத்தம் 84,000 ரூபாய் அந்தச் செக்கில் இல்லை. தானாக விலகியவருக்கு இந்த இரண்டும் கிடையாது என்பதால், தானாக விலகியதாகவே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

இன்றைக்கும் என்னிடம் வருகிற பெண்களில் பாதிப்பேர் "கிராஜுவிட்டி கொடுத்துட்டாங்களே அக்கா, அதுலயே எல்லாம் அடக்கம்னு சொன்னாங்க" என்கிறார்கள். அடக்கம் இல்லை. கிராஜுவிட்டி அவர் இத்தனை வருடம் உழைத்ததற்கு. ஆட்குறைப்பு இழப்பீடு அந்த வேலையைப் பறித்ததற்கு. இரண்டும் வர வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? மறுநாளே வெள்ளைத்தாளில் எழுதினோம். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து, இந்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன், கொடுத்த தொகையை என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் வாங்கியிருக்கிறேன் என்று மூன்றே வரி. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். ஒரு நகல் லேபர் ஆபீசருக்கு. என் கணவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதே லைனில் இன்னும் வேலை செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதினோம். கடைசியாக வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான சட்டவிதி. மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். சமரசப் பேச்சு பல மாதம் இழுத்தது, ஆனால் அந்த 84,000 வந்தது. தபாலை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். நாள் ஆக ஆக, விரும்பித்தான் போனார் என்று அவர்கள் சொல்வது எளிதாகிவிடும்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆட்குறைப்பானாலும் ராஜினாமாவானாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஆட்குறைக்கப்பட்ட தொழிலாளிக்கு மறுதிறன் நிதி (புதிய திறன் கற்க உதவும் பணம்) என்று கூடுதலாக 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் அவர் கணக்கில் வர வேண்டும். ஒப்பந்தக் காலம் குறித்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. இவை நல்லவை. ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிற வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. இது எனக்கு வருத்தம். நடுத்தர ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இருந்த ஒரு வேலி போய்விட்டது.

கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தொடர்கிறது. ஐந்துக்குச் சில மாதம் குறைகிறதென்று விட்டுவிடாதீர்கள். நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொன்று, கிராஜுவிட்டிப் பணத்தைக் கடனுக்காக எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்ய முடியாது. வட்டிக்காரர் மிரட்டினால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

"சூப்பர்வைசர்" என்று பட்டம் கொடுத்துவிட்டோம், அதனால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்பார்கள். பதவியின் பெயரைப் பார்ப்பதில்லை, உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அப்புறம் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதைக் கேட்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள்தான் அதிகம். ஆலை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போன, ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவருக்கு ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. தேவையான ஆண்டுகள் சந்தா கட்டியிருந்தால் சம்பளத்தில் பாதி வரை வேலையில்லாக் கால உதவித்தொகை, அதை வாங்கும் காலம் வரை குடும்பத்துக்கே மருத்துவம். ஒரு வீட்டில் கணவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், மாமியாருக்கு ரத்த அழுத்தம் என்றால் அந்த மருத்துவத்தின் மதிப்பு உங்களுக்கே தெரியும். ஆனால் இங்கேயும் அதே கதைதான். தாளில் ராஜினாமா என்று இருந்தால் கிடைக்காது.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது விலகிய தேதியையும் காரணத்தையும் கம்பெனி என்னவென்று பதிந்திருக்கிறது என்பதை. தேதி பதியாமல் விட்டால் பணம் எடுக்க முடியாது. கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் பதியலாம். ஐந்து ஆண்டுக்குள் பி.எஃப். எடுத்தால் வரி பிடிப்பார்கள், ஆனால் தொழிலாளியின் கையில் இல்லாத காரணத்தால் வேலை போயிருந்தால் வரி கிடையாது. காரணம் முக்கியம் என்பது இதற்காகவும்தான். 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனதும் முக்கால் பங்கை எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். பத்து ஆண்டு சர்வீஸ் முடிந்திருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு.

போனஸைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் அனுப்பிவிட்டார்கள் என்று வையுங்கள். அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே அந்த நாட்களுக்கான போனஸ் அவருடையது, குறைந்தது 8.33 சதவீதம். சம்பளம் 21,000க்குள் இருக்க வேண்டும். தீபாவளிக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது இவரும் எழுதிக் கேட்கலாம். எடுக்காத ஈட்டிய விடுப்புக்கும் காசு உண்டு.

செலவுக்குப் பயந்து பேசாமல் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

போன மாதம் ஒரகடத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கணவர் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை, தாள்களைக் கேட்டால் கோபப்படுகிறார் என்றார். எனக்குப் புரிந்தது. என் கணவரும் சில வாரம் அப்படித்தான் இருந்தார். வேலை போன மனிதரிடம் தாளைக் கேட்பது அவரைக் குற்றம் சாட்டுவது போல் அவருக்குப் படும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன், கேட்க வேண்டாம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளச் சீட்டுகளை நீங்களே மாத வாரியாக அடுக்குங்கள் என்று. அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பையில் நியமனக் கடிதம் இருந்தது, கடைசி மூன்று மாதச் சீட்டு இருந்தது. கம்பெனி நீட்டிய ராஜினாமாக் கடிதமும் இருந்தது, கையெழுத்துப் போடாமல்.

வணக்கம்.