மஸ்டா: கொடுத்த கை வாங்கும் கை ஆன கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு டெஸ்ட் டிரைவ் எதுவும் கிடையாது. உட்கார்ந்து பேசப் போகிறேன், அவ்வளவுதான்.

மஸ்டா என்றால் நம் ஊரில் பலருக்குக் கார் ஞாபகம் வராது, சுவராஜ் மஸ்டா வேன்தான் வரும். பழைய ஃபோர்டு எண்டெவர் இருக்கிறதே, 2003இல் வந்தது, அதில் ஓடியதும் மஸ்டாவின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின்தான். நம்மிடம் வந்தபோதெல்லாம் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கம்பெனியின் முழுக் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஹிரோஷிமாவில் 1920இல் கார்க் தயாரிக்கத் தொடங்கியவர்கள் இவர்கள். ஆமாம், பாட்டில் மூடுவோமே, அந்தக் கார்க். இப்போது வருடத்துக்கு 12, 13 லட்சம் வண்டி விற்கிறார்கள். டொயோட்டா ஒரு கோடிக்கு மேல். ஆனால் புது எஞ்சினோ பேட்டரியோ உருவாக்குகிற செலவு, சின்னக் கம்பெனி என்று பார்த்துக் குறையாது. அந்தச் செலவை ஒரு கோடி வண்டியில் பிரிப்பதும் 13 லட்சத்தில் பிரிப்பதும் ஒன்றா? அதனால்தான் கூட்டாளி இல்லாமல் இவர்களுக்கு நாள் ஓடாது.

முதல் பெரிய கூட்டாளி ஃபோர்டு. 1979இல் கால்வாசிப் பங்கு வாங்கி, 1996இல் மூன்றில் ஒரு பங்கு வரை போனது. அப்போது மஸ்டா வெறும் இளைய தம்பி இல்லை. மஸ்டா 6 காருக்காகச் செய்த அடித்தளத்தின் (பிளாட்ஃபார்ம் என்பார்களே, அது) மேல்தான் அமெரிக்காவில் ஃபோர்டு ஃப்யூஷன் கார் நின்றது. 2008 உலக நிதி நெருக்கடியில் ஃபோர்டுக்குப் பணமுடை. பங்குகளை விற்கத் தொடங்கி, 2015க்குள் முழுசாக வெளியேறிவிட்டது.

அப்புறம் டொயோட்டா. 2017இல் சுமார் 5 சதவீதப் பங்கு மட்டும் வாங்கியது. அதோடு அமெரிக்காவில் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் ஆளுக்குப் பாதியாக ஒரு ஆலை, வருடத்துக்கு 3 லட்சம் வண்டி. டொயோட்டாவின் கொரோலா கிராஸ் 2021இலும், மஸ்டாவின் சிஎக்ஸ்-50 2022 ஜனவரியிலும் அங்கே தயாராக ஆரம்பித்தன. பேட்ஜ் மாற்றி ஒட்டிய வண்டிகள் இல்லை, ரெண்டும் வேறு வேறு வண்டிகள். எனக்குப் பிடித்ததே இதுதான். 2025இல் டிரம்ப் ஜப்பான் கார்கள் மேல் 25 சதவீதக் கூடுதல் வரி போட்டார் இல்லையா, பிறகு மொத்தம் 15 என்று இறங்கியது. அன்றைக்கு அந்த ஆலையின் அருமை தெரிந்திருக்கும். இருந்தாலும் நன்றாக விற்கிற சிஎக்ஸ்-5 இன்னும் ஜப்பானிலிருந்துதான் கப்பலேறிப் போகிறது. 2024இல் அமெரிக்காவில் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் விற்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் மஸ்டா 2 ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி) என்று விற்பது டொயோட்டாவின் யாரிஸ் காரேதான். சிஎக்ஸ்-50 ஹைப்ரிட்டில் இருப்பது டொயோட்டாவின் ஹைப்ரிட் சிஸ்டம். மின்சாரக் கார் மஸ்டா 6இ சீனாவின் சாங்கானுடன் சேர்ந்து செய்தது. அடியில் இருப்பது சாங்கானின் டீபால் என்ற பிராண்டு வண்டி. பார்க்க அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்டுக்கு அடித்தளம் கொடுத்தவர்கள் இன்றைக்கு வாங்குகிறவர்கள். பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சினை வைத்து 1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஜெயித்த கம்பெனி இது என்று நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

முழுக்கக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. ஸ்கைஆக்டிவ்-இசட் என்ற புது பெட்ரோல் எஞ்சினை 2027இல் சொந்த ஹைப்ரிட்டோடு சிஎக்ஸ்-5இல் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மின்சாரக் கார் விஷயத்தில் தெரிந்தேதான் பின்னால் வருகிறோம் என்பது அவர்கள் நிலை. ரெண்டு வருடம் முன்னால் கேட்டிருந்தால் சாக்குப்போக்கு என்று சிரித்திருப்பேன். மின்சாரக் கார் திட்டங்களைப் பெரிய கம்பெனிகளே தள்ளிவைப்பதைப் பார்த்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

என் கணக்கில் அந்த 2027 சிஎக்ஸ்-5தான் பரீட்சை. அது வந்ததும் இதே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவோம்.