ஹோண்டாவின் பாதிக் கதைக்கு 1,768 ரூபாய் 82 காசு

வணக்கம். இந்த வாரம் காணொளி கிடையாது என்று அறிவித்திருந்தேன். ஆனால் வணிக உத்தி பற்றி நான் காசு கொடுத்துச் சேர்ந்த ஓர் இணைய வகுப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. நடத்தியவர்கள் யார் என்று சொல்லப் போவதில்லை. விலையைப் பற்றி மட்டும் பேசியே தீர வேண்டும். 1,499 ரூபாய் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்; பணம் கட்டும் பக்கத்துக்குப் போனதும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து அது 1,768 ரூபாய் 82 காசாக நின்றது. வரி கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை, அதை முதலிலேயே சொல்வதில் இவர்களுக்கு என்ன தயக்கம் என்பதுதான் என் கேள்வி. சலுகை முடிய இருபதே நிமிடம் என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், மறுநாள் எட்டிப் பார்த்தபோதும் அதே இருபது நிமிடத்திலிருந்துதான் இறங்கிக்கொண்டிருந்தது. சான்றிதழுக்கு 299 ரூபாய் தனி. அந்த 82 காசு ஏனோ இன்னும் உறுத்துகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான்கு கட்டம் போட்டு நிறுவனங்களை அடைக்கும் படங்கள்மீது எனக்குள்ள வெறுப்பைப் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இந்த வகுப்பில் ஹோண்டா பற்றிய பாடம் முழுவதும் அப்படிப்பட்ட ஒரே படத்தில் முடிந்துவிட்டது. டோக்கியோவில் உட்கார்ந்து அமெரிக்கச் சந்தையை அளந்தார்கள், சிறிய வண்டியோடு நுழைவது என்று முடிவெடுத்தார்கள், பெருமளவு உற்பத்தியால் விலையைக் குறைத்தார்கள், பிறகு பெரிய வண்டிகளுக்கு ஏறினார்கள் என்று ஆசிரியர் அம்புக்குறிகளை வரைந்துகொண்டே போனார்.

இந்தக் கதையின் மூலத்தை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையில் 1959இல் 49 விழுக்காடாக இருந்த பிரிட்டிஷ் நிறுவனங்களின் பங்கு 1973இல் 9 விழுக்காடாகச் சரிந்தது. இந்தச் சரிவின் காரணத்தை ஆராய்ந்து பிரிட்டிஷ் அரசுக்காகப் பாஸ்டன் கன்சல்டிங் குழு என்ற வணிக ஆலோசனை நிறுவனம் 1975இல் ஓர் அறிக்கை எழுதியது, அதிலிருந்துதான் இந்த விளக்கம் பாடப் புத்தகங்களுக்குள் வந்தது. செலவுக் கணக்காகப் பார்த்தால் அதில் பெரிய தவறு இல்லை. ஹோண்டாவின் 50 சிசி சின்ன வண்டியான சூப்பர் கப் 1958இல் வந்தவுடன் ஜப்பானில் ஓட்டமாக விற்றது, மாதம் 30,000 வண்டிகள் செய்யும் சுசுகா தொழிற்சாலையும் 1960இல் எழுந்தது. ஆனால் செலவு குறைந்ததன் கணக்கை, மேலாளர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகளின் வரலாறாக மாற்றிச் சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஹோண்டாவை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஆறு அதிகாரிகளை 1982இல் டோக்கியோவில் சந்தித்து நேரடியாகக் கேட்டு, 1984இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்ற கவாஷிமா, அங்கே எதையாவது விற்க முடியுமா என்று பார்ப்பதைத் தவிரத் தங்களிடம் உத்தி என்று ஒன்றும் இருக்கவில்லை என்று அதில் சொல்கிறார். கையிருப்பை 50, 125, 250, 305 சிசி வண்டிகளுக்கு ஆளுக்குக் கால் பங்காகப் பிரித்திருந்தார்கள்; பண மதிப்பில் பார்த்தால் பெரும்பகுதி பெரிய வண்டிகளில்தான் கிடந்தது. நிறுவனர் சோயிசிரோ ஹோண்டாவுக்கு 250, 305 சிசி வண்டிகள்மீதுதான் தனி நம்பிக்கை, ஏனென்றால் அவற்றின் கைப்பிடி புத்தரின் புருவத்தைப் போல வளைந்திருந்ததாம். எந்தக் கட்டத்தில் இந்தப் புருவத்தை அடைப்பார்கள் என்று அந்த ஆசிரியரிடம் கேட்க எனக்கு ஆசை.

இன்னும் கேளுங்கள். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பனைப் பருவம் ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்டில் முடிகிறது என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது, 1959ஆம் ஆண்டுப் பருவம் முடியும் சமயத்தில் லாஸ் ஏஞ்சலஸில் போய் இறங்கினார்கள். மாதம் 80 டாலர் வாடகைக்கு ஒரு குடியிருப்பு. அதில் இரண்டு பேர் தரையில் படுத்தார்கள். கிடங்கில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கள் கையாலேயே அடுக்கினார்கள்.

ஒன்றை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், அது இல்லாமல் இந்தச் சிக்கனம் புரியாது. டொயோட்டாவின் டொயோபெட் கார் 1958இல் அமெரிக்காவில் தோற்றிருந்ததால், ஜப்பானிய நிதியமைச்சகம் ஹோண்டாவை நம்பவில்லை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோக 2,50,000 டாலருக்குத்தான் அனுமதி கொடுத்தது, அதிலும் ரொக்கமாக 1,10,000 டாலர்தான், மீதி வண்டிகளாகவும் உதிரிப் பாகங்களாகவும் போக வேண்டும். அந்தப் பணத்தோடு வந்தவர்களுக்கு 1960 ஏப்ரலில் அடுத்த இடி விழுந்தது. அமெரிக்கர்கள் ஜப்பானியர்களைவிட நெடுந்தூரமும் வேகமாகவும் ஓட்டியதால், பெரிய வண்டிகளில் எண்ணெய் ஒழுகியது, கிளட்ச் பழுதானது. பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள்; அங்கே ஒரே மாதத்தில் ஹெட் கேஸ்கெட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் மாற்றி வடிவமைத்தார்கள்.

இதற்கிடையில் 50 சிசி சூப்பர் கப்பை அவர்கள் விற்க முயலவே இல்லை. எல்லாமே பெரிதாகவும் ஆடம்பரமாகவும் இருக்கும் அமெரிக்காவுக்கு அது பொருந்தாது என்று நினைத்து, லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் தங்கள் சொந்த வேலைகளுக்கு மட்டும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் விசாரித்தார்கள், ஒரு நாள் சியர்ஸ் அங்காடியின் கொள்முதல் அதிகாரியே தொலைபேசியில் அழைத்தார். அப்போதும் கவாஷிமா தயங்கினார், முரட்டு ஆண்களுக்கான சந்தையில் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் அவருக்கு. பெரிய வண்டிகள் பழுதான பிறகு, வேறு வழியில்லாமல்தான் சின்ன வண்டியை விற்பனைக்கு விட்டார்கள், அதை வாங்கி விற்க முன்வந்தவர்கள் பெரும்பாலும் விளையாட்டுப் பொருள் கடைக்காரர்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடித்த மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் வர வேண்டும், வகுப்பில் அவர் பெயர்கூட வரவில்லை. திட்டமிடு, ஒழுங்கமை, ஆணையிடு, ஒருங்கிணை, கட்டுப்படுத்து என்று மேலாண்மைச் சிந்தனையாளர் ஹென்றி ஃபயோல் 1916இல் வகுத்த ஐந்து பணிகளை வைத்தே மேலாளரை அளந்துகொண்டிருந்த காலத்தில், மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்தார். அவர்கள் செய்த வேலைகளில் பாதி, ஒன்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை. மேலாளர் வகிப்பதாக 1973இல் அவர் வெளியிட்ட பத்துப் பாத்திரங்களில், வெளியாரோடு தொடர்பு வைப்பவர், தகவலை மோப்பம் பிடிப்பவர், குழப்பத்தைச் சமாளிப்பவர் ஆகிய மூன்றையும் கவாஷிமா அந்த ஓராண்டில் வகித்தார். ஐந்து பணிகளில் முதலாவதான திட்டமிடலை மட்டும் வைத்துப் பார்த்தால், பருவம் தெரியாமல் வந்திறங்கிய அவர் தேறவே மாட்டார்.

விளம்பரத்தை விட்டுவிட்டேனே! ஹோண்டாவில் நல்லவர்களைச் சந்திப்பீர்கள் என்ற பொருளில் வந்த புகழ்பெற்ற அந்த வாசகம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஒரு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக எழுதியதிலிருந்து பிறந்தது. கிரே என்ற விளம்பர நிறுவனம் அதை வாங்கி ஹோண்டாவிடம் கொண்டுவந்தபோது மேலிடத்தில் கருத்து வேறுபாடு எழுந்தது. விற்பனைப் பிரிவின் தலைவர் பிடிவாதமாக நின்றதால்தான் 1963இல் அது வெளிவந்தது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் அறிக்கையில் பங்குகொண்ட மைக்கேல் கூல்ட், தங்கள் வேலை வரலாறு எழுதுவதல்ல, பிரிட்டிஷ் நிறுவனங்கள் அடுத்து என்ன செய்வது என்று சொல்வதே என்று பின்னர் விளக்கினார். அது நேர்மையான பதில், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த அறிக்கையை வரலாறாகவே கற்பிக்கும் ஆசிரியருக்கு அந்தப் பதில் உதவாது. பாடத்தின் இறுதித் தேர்வில் ஹோண்டா வென்ற காரணம் என்ன என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். நான்கும் டோக்கியோவில் தொடங்கின. நான் எதையும் தொடவில்லை, அதனால் அந்த 299 ரூபாய்ச் சான்றிதழுக்கும் இனி வழியில்லை.