காபாபென்டினோடு மற்ற மாத்திரைகளைப் போடலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரையால் பாதம் எரிகிறது என்று இரவில் காபாபென்டின் 300 கொடுத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு டானிக், சளி பிடித்தால் சளி மாத்திரை எல்லாம் போடுகிறார். ஒத்துக்கொள்ளுமா டாக்டர்?"

வழக்கமான பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு பொதுவாகப் பெரிய தொந்தரவு வராது. காபாபென்டின் கல்லீரலில் சிதையாது, அப்படியே சிறுநீரில் போய்விடும். ஆனால் அது வெளியேற இருக்கிற வழி சிறுநீரகம் மட்டும்தான். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருந்தால், அதாவது சிறுநீரகம் மந்தமாக வேலை செய்தால், மருந்து உடம்பிலேயே தேங்கும், அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக்கை அடிக்கடி வாங்கிப் போட்டால் அதுவும் சிறுநீரகத்தைத்தான் பாதிக்கும்.

நெஞ்செரிச்சல் டானிக்கில் அலுமினியம், மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருந்தால் காபாபென்டின் உடம்பில் சேருவது சுமார் 20 சதவீதம் குறையும். டானிக் குடித்து 2 மணி நேரமாவது விட்டு மாத்திரையைக் கொடுங்கள். போதும்.

எனக்குப் பயம் அந்தச் சளி மாத்திரைதான் அம்மா. அதில் குளோர்பெனிரமின், செடிரிசின் மாதிரி தூக்கம் தருகிற மருந்து இருக்கும். காபாபென்டினும் தூக்கம் தரும். இரண்டும் சேர்ந்து, நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தள்ளாடி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். டிரமடால் கலந்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை, மது இவை இன்னும் ஆபத்து, மூச்சே மந்தமாகிவிடலாம். வயதானவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரிலேயே எச்சரித்தது. கூப்பிட்டால் சரியாக எழாமல் குழறினால், மூச்சு மெதுவாகிவிட்டால், காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், நிறைய வீடுகளில் நடக்கிற ஒன்று. சர்க்கரை டாக்டர் காபாபென்டின் எழுதியிருப்பார். முதுகு வலிக்குப் போன இடத்தில் "நரம்புக்குச் சத்து மாத்திரை" என்று ஒன்று தருவார்கள். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் மெத்தில்கோபாலமின் என்கிற பி12 வைட்டமினோடு பிரீகாபலின் என்றும் இருக்கும். காபாபென்டினும் பிரீகாபலினும் ஒரே குடும்பம். தெரியாமலே இரட்டை டோஸ் மாதிரி ஆகிவிடுகிறது. கடையில் நான்கு மாத்திரை மட்டும் வெட்டித் தந்தால் அந்த எழுத்தும் பாதி போய்விடும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

இதைக் கேட்டுவிட்டு இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். டாக்டர் சொல்கிறபடி ஒரு வாரமாவது எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது சளி மாத்திரை அட்டை உட்பட அப்பா போடுகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.