பேனலுக்கு முன்னால் மேற்குச் சுவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வீடு கட்டிக் கொடுக்கிற பொறியாளன். என்னைப் பேசச் சொன்ன தலைப்பு ‘நெட் ஜீரோ வீடு’. பேர்தான் புதுசு. ஒரு வருஷத்தில் வீடு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறதோ, அவ்வளவையும் அதன் மொட்டைமாடியே தயாரித்துவிட வேண்டும். பகலில் மிஞ்சியதை மின்வாரிய லைனுக்குக் கொடுத்து, ராத்திரி லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வருஷக் கடைசியில் கணக்கு நேரானால் சரி.

இதைச் சொன்னதுமே, “சார், எத்தனை சோலார் பேனல் போடணும்?” என்பார்கள். பேனல் கடைசியில். முதலில் உங்கள் படுக்கையறைக்குப் போவோம். மே மாதம், ராத்திரி பத்து மணி. தெருவில் கொஞ்சம் காற்று வீசுகிறது. உள்ளே ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருக்கும். மதியம் குடித்த வெயிலைச் சுவரும் தளமும் ராத்திரி முழுக்க உங்கள் மேல் விட்டுக்கொண்டிருக்கின்றன. ஏசி அதோடுதான் மல்லுக்கட்டுகிறது.

திருச்சியில் ஒரு வீடு. மேற்குப் பார்த்த மனை. எலிவேஷன், அதாவது வீட்டு முகப்பு, பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஹாலில் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வரைந்தது நான்தான், ஒளிப்பானேன்? தை மாதம் கிரகப்பிரவேசம். வந்தவர்கள் எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சித்திரையில் போன் வந்தது. நாலு மணி வாக்கில் போனேன். கண்ணாடி முழுக்கக் கனமான திரை. திரை போட்டதால் இருட்டு; விளக்கு எரிகிறது. புழுக்கத்துக்கு இரண்டு ஏசி. வெளிச்சத்துக்கு என்று வைத்த கண்ணாடிக்கு இத்தனை பணிவிடை! அந்த வீட்டு அம்மா காபியைக் கொடுத்துவிட்டு, “சோபாவைக்கூட அந்தப் பக்கம் தள்ளிட்டோம் தம்பி, இங்க யாரும் உக்காரதில்ல” என்றார். காபி தொண்டையில் இறங்கவில்லை.

தப்பு எங்கே? திரை உள்ளே இருக்கிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சூடாக்கிவிட்டால், அந்தச் சூடு திரும்பிப் போகாது. நிழல் கண்ணாடிக்கு வெளியே விழ வேண்டும். மறுபடி சொல்கிறேன், வெளியே. தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும், உச்சி வெயில் மேலிருந்து வருகிறது. மேற்கு வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வரும். அதற்கு நெடுக்காக ஒரு மறைப்பு வேண்டும்.

கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி இரும்புச் சட்டம் போட்டு மூங்கில் தட்டி தொங்கவிட்டோம். கடைத்தெருவில் மதியம் இறக்கிவிடுவார்களே, அதே தட்டி. உச்சியில் ஒரு முல்லைக்கொடி. அடுத்த சித்திரையில் திரை ஒதுங்கியிருந்தது, ஒரு ஏசி ஓடவே இல்லை. சாயங்காலம் தரையில் கோடு கோடாக வெளிச்சம் விழும். இப்போது அங்கே வருகிறவர்கள் போட்டோ எடுப்பது அந்தக் கோடுகளைத்தான். அழகுக்கும் சிக்கனத்துக்கும் சண்டை என்று யாராவது சொன்னால் அந்த வீட்டுக்குத்தான் கூட்டிப் போவேன்.

அப்புறம் மாடி. வெள்ளைத் தட்டோடு பதியுங்கள். முடியாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள், வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். ஃபேன்? பழைய ஃபேன் 75 வாட் தின்னும், மோட்டாரில் பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஐந்து ஃபேன், தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 160 யூனிட் குறையும்.

நிலைய நண்பர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிஷம்தான் பாக்கி. சரி, பேனல். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும்; தினம் ஏறக்குறைய 12 யூனிட் கிடைக்கும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தண்ணீர்த் தொட்டியைப் பேனலுக்கு வடக்கே வையுங்கள், வருஷத்தில் பெரும்பாலும் நிழல் விழாது. இன்னொன்று, பேட்டரி இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது பேனலும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது, பழுது இல்லை. பேட்டரி வாங்கலாமா என்றால்... நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.