பெட்டிக்குள் பூட்டிய ஆயுதம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கில் இருக்கும் தாய்மாருக்கும் வணக்கம்.

"பேறுகாலத் தொழிலுக்குள் ஆண்கள் வந்தது தாயைக் காக்கவா, தொழிலைக் கைப்பற்றவா?" இதுதான் இன்றைய கேள்வி. கைப்பற்றவே என்று பேச வந்திருக்கிறேன். இருபது வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். நல்ல ஆண் டாக்டர்களோடு விடிய விடிய நின்று வேலை பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐரோப்பாவில் முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் ஆண்கள் அந்த அறைக்குள் எப்படி நுழைந்தார்கள் என்பதுதான் இங்கே வழக்கு.

எனக்கு முன் பேசிய தம்பி கேட்டார்: "ஆயுதம் போட்டு எடுத்து உயிர் பிழைத்த பிள்ளைகள் எத்தனை? அந்த ஆயுதத்தை உலகத்துக்குத் தந்தது ஆண்தானே?" ஆயுதம் என்றால் ஃபோர்செப்ஸ், பிள்ளையின் தலையைப் பிடித்து வெளியே எடுக்கிற இடுக்கி. அதைக் கண்டுபிடித்தது ஆண் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தந்தார் என்கிறீர்களே தம்பி, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

1569இல் பிரான்ஸிலிருந்து மதக் கலவரத்துக்குத் தப்பி இங்கிலாந்துக்கு வந்தது சேம்பர்லென் குடும்பம். பிள்ளைகளில் இரண்டு பேருக்குப் பீட்டர் என்றே பெயர். அந்த வீட்டில்தான் இந்த ஆயுதம் பிறந்தது. அதுவரை பிரசவ அறைக்கு சர்ஜன் வருகிறார் என்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். பிள்ளை செத்த பிறகு கொக்கி போட்டு இழுக்கத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட காலத்தில், தலையைப் பிடித்து உயிரோடு எடுக்க ஒரு கருவி! எவ்வளவு பெரிய வரம்!

அந்த வரத்தை என்ன செய்தார்கள்? வேலைப்பாடு செய்த பெரிய பெட்டிக்குள் பூட்டி எடுத்துப் போனார்கள். அறையில் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்கள். வலியில் துடிக்கிற தாயின் கண்ணையும் கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அப்பா, பிள்ளை, பேரன் என்று நூறு வருஷத்துக்கு மேல் அந்த இரகசியம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

1670இல் அந்தக் குடும்பத்து ஹியூ சேம்பர்லென் இரகசியத்தை விலைபேசப் பாரிஸுக்குப் போனார். அங்கே பேர்பெற்ற மோரிசோ என்ற பிரசவ மருத்துவர் அவருக்கு ஒரு சோதனை வைத்தார். இடுப்பெலும்பு மிகவும் குறுகிப்போன ஒரு பெண், பல நாளாக வலியில் கிடந்தாள். சில நிமிடத்தில் எடுத்துவிடுவேன் என்றார் ஹியூ. மூன்று மணி நேரம் போராடியும் முடியவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். பேரம் பேசுகிற மேடையில், நடுவர் அவர்களே, ஒரு தாயைப் படுக்க வைத்தார்கள். இதை முதலில் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

ஊர் திரும்பிய ஹியூ, மோரிசோவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். முன்னுரையில் அவரே எழுதுகிறார்: எங்களிடம் ஒரு வழி இருக்கிறது, என் அப்பாவும் சகோதரர்களும் அதை வைத்துத் தொழில் செய்கிறார்கள், வெளியிட்டால் அவர்களுக்கு நஷ்டம், அதனால் வெளியிடவில்லை. இதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி எதற்கு?

அதற்கு முன்பே, 1634 வாக்கில், லண்டன் மருத்துவச்சிகளை எல்லாம் ஒரு சங்கமாக்கித் தன் கையில் வைத்துக்கொள்ள இன்னொரு பீட்டர் சேம்பர்லென் முயன்றார். அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. புத்தகம் படித்ததைத் தவிர இயல்பான பிரசவத்தில் இவருக்கு அனுபவம் இல்லை, எங்களுக்கு எப்படிச் சொல்லித்தருவார் என்று மனு எழுதித் தடுத்துவிட்டார்கள்.

சரி, பெண்கள் கையில் அறிவு இருந்தபோது அவர்கள் என்ன செய்தார்கள்? ஆஞ்சலிக் து கூத்ரே என்ற பிரெஞ்சு மருத்துவச்சியைப் பாருங்கள். துணி, தோல், பஞ்சு வைத்து, பிள்ளை வெளியே வருகிற பாதையோடு ஆளளவு பொம்மை ஒன்று செய்தார். 1759இல் அரசரின் ஆணையை வாங்கிக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராகப் போனார். எழுத்தறியாத கிராமத்துப் பெண்களின் கையைப் பிடித்து, பிள்ளை குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது என்று அந்தப் பொம்மையில் பழக்கினார். ஆண் சர்ஜன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அவர் இப்படிச் செய்த பொம்மைகளில் ஒன்று பிரான்ஸின் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

நியாயத்துக்கு ஒன்று சொல்கிறேன். லண்டனில் வில்லியம் ஸ்மெல்லி என்ற ஆண், ஆயுதத்தை ஒளிக்காமல் வகுப்பு வைத்து நடத்தினார். ஆயிரம் பிரசவத்தில் 990க்குச் சாதாரண உதவியே போதும் என்று எழுதிய நேர்மையாளர். ஆனால் அவருடைய காலத்திலேயே எலிசபெத் நிஹெல் என்ற மருத்துவச்சி, தேவையில்லாத இடத்திலும் ஆண்கள் ஆயுதம் எடுக்கிறார்கள் என்று 1760இல் ஒரு நூலே எழுதவேண்டி வந்தது.

அடுத்து எதிரணி எடுத்து வைத்த பெரிய பெயர், வியன்னா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் செம்மல்வைஸ். கையைக் கழுவச் சொல்லித் தாய்மாரைக் காத்தவர் ஆண்தானே என்றார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கே போவோம். அங்கே இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்று டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்தது, எல்லாரும் ஆண்கள். இன்னொன்று மருத்துவச்சிகள் பார்த்தது. 1846இல் ஆண்கள் வார்டில் நூற்றுக்குப் 11 தாய்மார் பிரசவக் காய்ச்சலில் செத்தார்கள். நம் பாட்டிமார் ஜன்னி என்பார்களே, அதுதான். மருத்துவச்சிகள் வார்டில் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பிணத்தை அறுத்த கையோடு வந்து தாயைத் தொட்டார்கள், அதுதான் காரணம். 1847இல் செம்மல்வைஸ் அவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்ததும் சாவு மளமளவென்று குறைந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? அவரை ஏற்க மறுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தொழிலின் பெரிய ஆண்கள். அவருடைய பதவியை நீட்டிக்கவில்லை. 1865இல் மனநல விடுதியில் இறந்தார்.

எந்தப் புள்ளிவிவரமும் படிக்காத வியன்னா ஏழைப் பெண்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. டாக்டர்கள் வார்டில் சேர்க்கவேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அப்படிப் பெற்றவர்களுக்கு அந்த வார்டில் பெற்றவர்களைவிடக் குறைவாகவே காய்ச்சல் கண்டது. இதையும் செம்மல்வைஸே குறித்து வைத்திருக்கிறார்.

ஆண்கள் வார்டில் மட்டும் ஏன் இத்தனை சாவு என்று அவரைக் கேட்க வைத்தது பக்கத்து மருத்துவச்சிகள் வார்டு. தம்பி, உங்கள் சாட்சியை நான் எங்கள் அணிக்கு அழைத்துக்கொள்கிறேன். நன்றி.