பனம்பழம் ஏன் அந்த நேரம் பார்த்து விழுந்தது? ஒரு வண்டு, ஒரு மழைக்காரர், மூன்று நாணயங்கள்

ஜெர்மனியில் கோட்டிங்கன் என்று ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் ஃபிராங்க் என்ற நோபல் விஞ்ஞானியின் ஆய்வகம். ஒருநாள், யாரும் கை வைக்காமலேயே ஒரு கருவி பழுதாகிப் போகிறது. ஃபிராங்க் சூரிக்கில் இருக்கும் நண்பருக்கு வேடிக்கையாகக் கடிதம் போடுகிறார், நல்லவேளை, இந்தத் தடவை பழியை உங்கள் தலையில் போட முடியாது என்று. பதில் வரக் கொஞ்சநாள் ஆகிறது. வந்த உறையில் டென்மார்க் தபால்தலை. உள்ளே விஷயம் இதுதான்: நான் கோபன்ஹேகனுக்குக் கிளம்பி வந்துவிட்டேன், நீங்கள் சொல்லும் அதே நேரத்தில் என் ரயில் கோட்டிங்கன் ஸ்டேஷனில்தான் சில நிமிடம் நின்றுகொண்டிருந்தது.

அந்த நண்பர் வொல்ஃப்காங் பவுலி. அவரும் நோபல் வாங்கிய இயற்பியலாளர்தான். அவர் உள்ளே நுழைந்தால் கருவி உடையும் என்று சக விஞ்ஞானிகள் பேசிப் பேசி, அதற்குப் 'பவுலி விளைவு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஓட்டோ ஸ்டெர்ன் என்ற இன்னொரு பெரிய விஞ்ஞானி, தன் ஆய்வகத்துக்குள் பவுலி காலடி வைக்கவே கூடாது என்று தடை போட்டிருந்தாராம். நம் வீட்டில் ஒரு அத்தை வந்தால் பால் திரியும் என்பார்களே, அந்தக் கதை. இங்கே அத்தைக்கு நோபல் பரிசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வணக்கம் நண்பர்களே. தற்செயல் என்றால் என்ன, அதற்கு அர்த்தம் உண்டா, இதில் சீனாவின் தாவோ, அதாவது உலகம் தானாக ஓடும் ஒழுங்கான வழி, எங்கிருந்து வந்தது, இதுதான் இன்றைய வீடியோ.

(திரையில்: பனைமரம், அதன் மேல் ஒரு காக்கை)

இந்த விஷயத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கை வந்து உட்கார்ந்தது ஒரு நிகழ்ச்சி, பழம் பழுத்து விழுந்தது இன்னொரு நிகழ்ச்சி, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பார்க்கிற நமக்கு, காக்கைதான் தள்ளிவிட்டது என்று தோன்றும். வடமொழியிலும் இதற்குக் காகதாலீய நியாயம் என்று பெயர். ஆக, சம்பந்தமில்லை என்று சொல்கிற கட்சி நம் ஊரில் ரொம்பப் பழசு.

சம்பந்தம் உண்டு, ஆனால் அது காரண காரிய சம்பந்தம் அல்ல என்று சொன்னவர் கார்ல் யுங். சுவிட்சர்லாந்துக்காரர், 1875இல் பிறந்தவர், மனநல மருத்துவர். ஃபிராய்டோடு சேர்ந்தார், சண்டை போட்டுப் பிரிந்தார். மற்ற வாழ்க்கை வரலாற்றை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள், எனக்கு வண்டுக் கதைக்குப் போக வேண்டும்.

யுங்கிடம் ஒரு இளம்பெண் சிகிச்சைக்கு வருகிறார். நன்றாகப் படித்தவர். எதைச் சொன்னாலும் தர்க்கத்தால் அடித்துப் போடுகிறவர். சிகிச்சை நகரவே இல்லை. ஒருநாள் அவர் தன் கனவைச் சொல்கிறார்: யாரோ எனக்குத் தங்கத்தில் செய்த வண்டு நகை ஒன்றைக் கொடுத்தார்கள் என்று. யுங் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் கண்ணாடியில் டொக் டொக் என்று சத்தம். திரும்பினால், ஒரு பூச்சி உள்ளே வர முட்டி மோதிக்கொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறக்கிறார், பறந்து வந்ததைக் கையில் பிடிக்கிறார். பச்சையும் பொன்னுமாக மின்னும் ஒரு வண்டு. அதை அந்தப் பெண்ணிடம் நீட்டி, இதோ உங்கள் வண்டு என்கிறார். அதோடு அவருடைய பிடிவாதம் தளர்ந்து, சிகிச்சை நகர ஆரம்பித்தது என்று யுங்கே எழுதியிருக்கிறார்.

இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு அவர் வைத்த பெயர் சிங்க்ரோனிசிட்டி. மனதுக்குள் நடப்பதும் வெளியே நடப்பதும் ஒன்றை ஒன்று உண்டாக்காமல், அர்த்தத்தால் மட்டும் ஒன்றுசேர்வது. 1952இல் இதைப் பற்றிய கட்டுரையை ஒரு புத்தகமாக வெளியிட்டார். அதே புத்தகத்தில் இன்னொருவரின் கட்டுரையும் சேர்ந்திருந்தது. யார் தெரியுமா? நம் ரயில் நண்பர் பவுலிதான்.

என்னைக் கேட்டால், அந்தக் கதையில் வண்டைவிட யுங்கின் கைதான் முக்கியம். ஜன்னலைத் திறக்காமல், ஏதோ பூச்சி, விடுங்கள் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே கிடையாது. தன் எத்தனையோ வருட வேலையில் எத்தனை பேருடைய கனவுகளை அவர் கேட்டிருப்பார்? கனவில் பாம்பு வந்தது, ஜன்னலில் பாம்பு வரவில்லை. கனவில் யானை வந்தது, யானையும் வரவில்லை. வராத யானைகளுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

இதைத்தான் மனோதத்துவமும் புள்ளியியலும் சொல்கின்றன. சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு அறையில் 23 பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் வர வாய்ப்பு பாதிக்கும் மேல். நம்ப முடியாது, ஏனென்றால் நாம் 23 பேரை எண்ணுகிறோம். ஜோடிகளை எண்ணினால் 253 வரும். அப்புறம் லிட்டில்வுட் என்ற கணித மேதையின் பெயரில் ஒரு விதி: விழித்து, கவனமாக இருக்கும் 8 மணி நேரத்தில் விநாடிக்கு ஒரு நிகழ்ச்சி என்று வைத்தாலும், 35 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதாவது 'பத்து லட்சத்தில் ஒன்று' என்கிற அதிசயம் மாதம் ஒருமுறை உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். வரவில்லை என்றால்தான் ஆச்சரியப்பட வேண்டும். சம்பந்தமில்லாத விஷயங்களில் சம்பந்தம் பார்க்கும் பழக்கத்துக்கு 1958இல் கிளாஸ் கான்ராட் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் அப்போஃபீனியா என்று பெயரே வைத்தார்.

யுங்கே ஒருநாள் மாட்டிக்கொண்டார். 1949 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டில் மீன். ஏப்ரல் முட்டாளை 'ஏப்ரல் மீன்' என்று யாரோ பேசுகிறார்கள். ஒரு பழைய நோயாளி மீன் ஓவியங்களைக் காட்டுகிறார். இன்னொருவர் மீன் போன்ற கடல் பூதங்கள் போட்ட பூத்தையலைக் காட்டுகிறார். இப்படி மீன் மேல் மீன். ஆனால் அந்தச் சமயத்தில் அவர் ஆராய்ந்துகொண்டிருந்ததே மீன் குறியீட்டைத்தான்! புது ஸ்கூட்டர் வாங்க நினைத்த அன்றிலிருந்து ரோடெல்லாம் அதே ஸ்கூட்டராகத் தெரியுமே, அதேதான். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவது ஐரோப்பியக் கிறிஸ்தவ வீடுகளில் சாதாரண வழக்கம் வேறு. அவரும் இது வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் மனசு விடவில்லை, அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, இப்போது நான் இந்த வீடியோவைச் செய்வதற்கே காரணமான கதை.

(திரையில்: வறண்ட நிலம், தூரத்தில் ஒரு சின்ன வீடு)

ரிச்சர்ட் வில்ஹெல்ம் என்று ஒரு ஜெர்மானியப் பாதிரியார். 1899இல் சீனாவின் சிங்டாவ் நகரத்துக்கு மதப் பிரசாரம் செய்யப் போனவர். போன இடத்தில் சீன நூல்களில் மூழ்கிவிட்டார். யுங்குக்குச் சீனத்தைத் திறந்துவிட்ட நண்பர் அவர்தான். அவர் யுங்கிடம் சொன்ன கதை இது.

அவர் இருந்த கியாவ்சோ பகுதியில் கடும் வறட்சி. கத்தோலிக்கர்கள் ஊர்வலம் போனார்கள். புராட்டஸ்டண்டுகள் ஜெபம் செய்தார்கள். சீனர்கள் ஊதுபத்தி கொளுத்தினார்கள், வறட்சிப் பேய்களை விரட்டத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், வேறு மாகாணத்திலிருந்து மழை வரவழைப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். காய்ந்து சுருங்கிய ஒரு கிழவர். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, அமைதியான ஒரு சின்ன வீடு போதும் என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மந்திரம் கிடையாது, யாகம் கிடையாது. மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் மேகம் திரண்டு, அந்தப் பருவத்தில் யாருமே எதிர்பார்க்காத பனி கொட்டித் தீர்த்தது.

வில்ஹெல்ம் ஜெர்மானியர் அல்லவா, நேராகப் போய், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். நான் எதுவும் செய்யவில்லை என்றார் கிழவர். நான் கிளம்பி வந்த ஊரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இங்கே எல்லாம் தாவோவை விட்டு விலகிக் கிடக்கிறது. இங்கே வந்ததால் நானும் கெட்டுப்போனேன். மறுபடி தாவோவுக்குள் வர எனக்கு மூன்று நாள் பிடித்தது. அப்புறம் மழை தானாக வந்தது. இவ்வளவுதான் அவர் சொன்னது.

யுங்குக்கு மிகவும் பிடித்த கதை இது. எனக்கும்தான். வறட்சி எப்படியும் ஒருநாள் முடியும், எல்லாரும் தோற்ற பிறகு கடைசியாக வந்தவருக்குப் பேர் கிடைக்கும், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கிழவரின் பதிலைக் கவனியுங்கள். மழையை நான் வரவழைத்தேன் என்று அவர் சொல்லவே இல்லை! பேரைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். நம்மூரில் அறுபது சதவீத மழை என்று சொல்லித் தூறல் போட்டாலே, நான்தான் முதலில் சொன்னேன் என்று பதிவு போடுகிறோம்.

வில்ஹெல்ம் செய்த பெரிய வேலை, 'ஐ சிங்' என்ற பழைய சீனக் குறிநூலை ஜெர்மனில் மொழிபெயர்த்தது. 64 குறிகள், ஒவ்வொன்றிலும் ஆறு கோடுகள். கேள்வியை மனதில் வைத்து மூன்று நாணயங்களை ஆறு தடவை போட வேண்டும். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6 முதல் 9 வரை ஒரு எண் வரும். ஒற்றைப்படை முழுக்கோடு, இரட்டைப்படை நடுவில் உடைந்த கோடு. கீழிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போக வேண்டும்.

நானும் போட்டேன். சமையலறை மேடையில், மூன்று ஐந்து ரூபாய் நாணயங்கள். கேள்வி: இந்த வீடியோ உருப்படுமா? மூன்றாம் தடவை ஒரு நாணயம் உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, துடைப்பத்தை விட்டு எடுத்தேன். தலையா பூவா தெரியாததால் அந்தத் தடவையை மறுபடி போட்டேன். கீழே மூன்று முழுக்கோடு. மேலே உடைந்தது, முழுசு, உடைந்தது. அது 5ஆம் குறி, பெயர் 'காத்திருத்தல்'. அதற்கு நூல் சொல்லும் காட்சி: மேகம் வானில் ஏறுகிறது, அறிந்தவன் உண்டு குடித்து மகிழ்ந்திருப்பான்.

மேகம்! மழைக்காரர் கதையை எழுதி முடித்த கையோடு! உண்மையைச் சொல்கிறேன், முதுகு சிலிர்த்தது. பிறகு போய்த் தயிர்சாதம் சாப்பிட்டேன், நூல் சொல்லியிருக்கிறதே.

சாப்பிட்டு வந்து மற்ற 63 குறிகளையும் படித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் என் வீடியோவுக்குப் பொருந்தும்படிதான் இருந்தன. யுங் 1949இல் அந்நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதும்போது நூலிடமே அதைப் பற்றிக் கேட்டார். அவருக்கு வந்தது 50ஆம் குறி, 'கொப்பரை'. படையல் சமைக்கும் வெண்கலப் பாத்திரம். ஆன்ம உணவு என்னிடம் இருக்கிறது என்று நூல் தன்னைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். வேறு குறி வந்திருந்தால் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். சந்தேகமாக இருக்கிறதே, இன்னொரு தடவை போடலாமா என்றால், 4ஆம் குறியில் எச்சரிக்கை இருக்கிறது: முதல் தடவை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று தடவை கேட்டால் நச்சரிப்பு, சொல்ல மாட்டேன்.

நம் முல்லைப்பாட்டில் வரும் விரிச்சி இதற்கு அண்ணன் முறை. போருக்குப் போன கணவன் வருவானா என்று தலைவி தவிக்கிறாள். முதிய பெண்கள் நாழியில் நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய்த் தூவி வணங்கி, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யார் வாயிலிருந்தாவது தற்செயலாக என்ன வார்த்தை விழுகிறது என்று. பக்கத்தில் ஒரு ஆயர் பெண், தாம்பில் கட்டிய கன்று தவிப்பதைப் பார்த்துச் சொல்கிறாள்: 'இன்னே வருகுவர் தாயர்.' குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டிக்குச் சொன்ன சமாதானம் அது. கிழவிகள் அதை அப்படியே தலைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பல்லி சொல்லையும், கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் வேறு என்ன வழக்கம் உண்டு என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

ஆனால் ஒரு இடத்தில் யுங்கும் தாவோவும் ஒத்துப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. யுங்குக்கு வண்டு ஒரு விதிவிலக்கு. உலகம் காரண காரியத்தில் ஓடுகிறது, எப்போதாவது ஒரு வண்டு வந்து வேறு ஒரு கதவைக் காட்டுகிறது. தாவோ நூலான சுவாங்சியில் ஒரு காட்சி வருகிறது: ஒரே சுருதி கூட்டிய இரண்டு தந்தி வாத்தியங்கள், ஒன்று கூடத்தில், ஒன்று உள்ளறையில். இங்கே ஒரு தந்தியை மீட்டினால் அங்கே அதே தந்தி அதிர்கிறது. இதில் அதிசயம் எதுவும் இல்லை, சுருதி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பார்வையில் எல்லாமே எப்போதும் சேர்ந்தேதான் நடக்கிறது. தனியாகப் பிடித்துக் காட்ட வண்டு தேவையில்லை. மழைக்காரர் சகுனம் எதையும் தேடவில்லை பாருங்கள். தன் சுருதியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பவுலி கதையை முடிக்காமல் விட்டேன் இல்லையா? இயற்பியலில் 137 என்று ஒரு எண் அவரை வாழ்நாளெல்லாம் படுத்தியது. ஒளியும் மின்னூட்டமும் எவ்வளவு வலுவாக ஊடாடும் என்பதைச் சொல்லும் மாறிலி, கிட்டத்தட்ட 137இல் ஒரு பங்கு. ஏன் அந்த எண் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. 1958 டிசம்பரில் உடம்பு முடியாமல் சூரிக்கில் ஒரு மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். பார்க்க வந்த உதவியாளரிடம், அறை எண்ணைக் கவனித்தாயா என்று கேட்டார். 137. இங்கிருந்து உயிரோடு வெளியே போக மாட்டேன் என்றார். டிசம்பர் 15 அன்று அந்த மருத்துவமனையிலேயே இறந்துபோனார்.

அந்த 137இன் இன்னும் துல்லியமான கணக்கு 137.036. அப்படி ஒரு அறை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. இதை எழுதி முடித்துவிட்டு, பின்னிரவில் ஒருமுறை என் வீட்டுக் கதவு எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.